அரக்குத் தட்டில் உறைந்த குரல்கள்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் சென்னையிலிருந்து புதுச்சேரியை நோக்கி இரயிலில் சென்றுகொண்டிருந்த முதியவர் ஒருவருக்கு வழியில் உடல்நலம் குன்றியது. செங்கற்பட்டுக்கு முன்னுள்ள சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் அவர் தம் சீடர்களுடன் இறங்கினார். நடைமேடையிலேயே விரிப்பை விரிக்கச் செய்து, தம்பூராவைச் சுருதி சேர்க்கச் சொல்லி, தர்பாரி இராகத்தில் இறைவனை இறைஞ்சிப் பாடியவாறே அவர் உயிர் நீத்தார் என்று அவருடைய சீடர் மரபினர் கூறுவர். அவரது உடல் நெடுந்தொலைவிலுள்ள மிரஜ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள காஜா மீராசாஹிப் தர்காவின் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. அவர்தாம் வட இந்திய இசையுலகில் கிரானா மரபின் பெருந்தூணாக விளங்கிய கான் சாஹிப் அப்துல் கரீம் கான் ஆவார்.

நம் தமிழ் மண்ணில் ஒரு சிறு இரயில் நிலையத்தில் அடங்கிய அக்குரலை இன்றும் நாம் கேட்க முடிகிறது. அதற்குக் காரணம் கருநிறமான சில வட்டத் தட்டுகளும், அவற்றைக் குப்பையில் எறியாமல் காத்து வைத்த சில எளிய மனிதர்களுமே ஆவர். அத்தட்டுகளின் வரலாற்றையும், அவற்றிலுள்ள குரல்களை மீட்டெடுக்கும் பணியையும் ஜமாஅத் பெருமக்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசையைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பில் அறிஞர் பெருமக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு நிலவி வருவதை நாம் அறிவோம். அதனை இங்கே விவாதிப்பது நம் நோக்கமன்று. வாயினால் மட்டுமே வழிவழியாகக் கைமாறி வந்த ஓர் அறிவு, எழுத்திலும் ஏட்டிலும் அடங்காத ஓர் அறிவு, எவ்வாறு அழிவின் விளிம்பிலிருந்து காக்கப்படுகிறது என்ற வரலாற்றுச் செய்தியையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். இச்செய்தியில் நம் போன்றோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கைரானாவின் மைந்தர்

உத்தரப் பிரதேசத்தில் யமுனை ஆற்றங்கரைக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் கைரானா. மக்காவில் மதரஸா சவ்லத்திய்யாவை நிறுவியவரும், ‘இழ்ஹாருல் ஹக்’ என்னும் நூலின் ஆசிரியருமான மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (1818–1891) பிறந்த ஊர் என்ற அளவில் அது மதரஸாவில் ஓதியவர்களுக்கு அறிமுகமான பெயரே. அதே ஊரில் 1872ஆம் ஆண்டு இசைவாணர் குடும்பம் ஒன்றில் அப்துல் கரீம் கான் பிறந்தார். ஊரின் பெயரே அவரது இசைமரபுக்கும் பெயராகிக் ‘கிரானா’ என வழங்கலாயிற்று.

அவர் பரோடா, மைசூர் ஆகிய அரசவைகளில் பாராட்டப்பெற்றார். 1913இல் பூனா நகரில் ‘ஆரிய சங்கீத வித்தியாலயம்’ என்னும் இசைப்பள்ளியைத் தொடங்கினார். பின்னர் மிரஜ் நகரையே தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். தென்னாட்டிற்குப் பலமுறை வந்து சென்றதன் பயனாகக் கருநாடக இசையின் சுரம்பாடும் முறையைத் தம் பாட்டில் மேற்கொண்டார். தியாகராசரின் கரகரப்பிரியா இராகக் கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடி வைத்தார். வட இந்திய முஸ்லிம் உஸ்தாத் ஒருவர் தெலுங்குக் கீர்த்தனையை இசைத்தட்டில் பாடினார் என்பது அக்காலத்தில் வியப்பிற்குரிய செய்தியாகும்.

அவர் 1905ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒருமுறையும், 1930களின் நடுப்பகுதியில் மறுமுறையுமாக இசைத்தட்டுகளுக்குப் பாடினார். இரவு முழுவதும் பாடவல்ல அப்பெருமகனாரின் கலையில் நமக்கு எஞ்சியிருப்பவை மூன்று நான்கு நிமிட அளவேயுள்ள துணுக்குகள்தாம். ஆயினும் அத்துணுக்குகள் செய்த பணி சிறிதன்று. கருநாடக மாநிலத்தின் கதக் நகரில் ஒரு சிறுவன் கடையொன்றில் ஒலித்த கான் சாஹிபின் இசைத்தட்டைக் கேட்டு, இவ்வாறு பாடக் கற்றாக வேண்டும் என்ற வேட்கையினால் வீட்டை விட்டே புறப்பட்டான். ஊர் ஊராக அலைந்து, இறுதியில் கான் சாஹிபின் சீடரான சவாய் கந்தர்வரிடமே மாணவனாகச் சேர்ந்தான். அச்சிறுவனே 2008இல் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பெற்ற பண்டித பீம்சேன் ஜோஷி (1922–2011) ஆவார். ஒரு தட்டு ஒரு வாழ்வின் திசையை மாற்றியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு எதிர்மறையான சான்றும் அதே குடும்பத்தில் உண்டு. கான் சாஹிபின் உறவினரும் அவருக்கு இணையானவராக மதிக்கப்பட்டவருமான உஸ்தாத் அப்துல் வஹீத் கான் (மறைவு 1949) ஒலிப்பதிவை விரும்பாதவர். அவருடைய வாழ்நாளின் இறுதிப் பகுதியில் வானொலியில் ஒலிபரப்பான பாடல்கள் சிலவே இன்று எஞ்சியுள்ளன. ஒருவரைப் பற்றி நாம் காதால் கேட்டு அறிகிறோம். மற்றவரைப் பற்றிப் பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டே அறிகிறோம். பதிவு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அரக்கு சென்றதும் குரல் வந்ததும்

ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை 1877இல் தாமஸ் எடிசன் உருவாக்கினார். அவருடைய கருவி உருளையில் பதிந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் என்பவர் தட்டையான வட்டத்தில் பதியும் முறையைக் கண்டார். உருளையைவிடத் தட்டை எளிதாக அச்சிட்டுப் பெருக்கலாம் என்பதால் தட்டே வென்றது.

அத்தட்டு எதனால் ஆனது என்பதைப் பலர் அறியார். இன்று ‘பழைய வினைல் தட்டு’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கான் சாஹிபின் காலத்துத் தட்டுகள் வினைல் அல்ல. அவை அரக்கினால் ஆனவை. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சேகரித்துத் தூய்மை செய்து, அதனுடன் கற்பொடியும் கரிப்பொடியும் பஞ்சுத் தூளும் கலந்து, சூடேற்றி அழுத்தி அத்தட்டுகள் செய்யப்பட்டன. உலகிற்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதி நம் நாட்டின் காடுகளிலிருந்தே, குறிப்பாகச் சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்தே சென்றது. காட்டுவாசி மக்கள் கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு கப்பலேறி மேனாடு சென்று, இந்தியப் பாடகரின் குரலைத் தாங்கிக்கொண்டு மீண்டும் கப்பலேறி இந்தியாவுக்கே விலைப்பொருளாக வந்து சேர்ந்தது!

1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் ஒரு விடுதி அறையைப் பதிவுக்கூடமாக்கினார். அங்குப் பாடியவர்களுள் புகழ் மிக்கவர் கௌஹர் ஜான் (1873–1930). அக்காலத்தில் மைக் கிடையாது, மின்சாரமும் பயன்படவில்லை. பெரிய உலோகக் கூம்பின் வாயருகே முகத்தைக் கொண்டு சென்று உரத்துப் பாட வேண்டும். அவ்வோசையின் அதிர்வு மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அசைக்க, அதனோடு இணைந்த முள் மெழுகுத் தட்டில் வரி கீறும். ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் பாட்டை முடித்தாக வேண்டும். அம்மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் அனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு, உலோக அச்சாக்கப்பட்டு, அங்கே தட்டுகளாயின. பாடியவர் யார் என்பதை அனோவர் தொழிலாளர் அறிய வேண்டுமென்பதற்காகவே, பாட்டின் முடிவில் ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என அவ்வம்மையார் ஆங்கிலத்தில் அறிவித்தார். 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்ட பின்னர் அத்தேவை படிப்படியாகக் குறைந்தது. 1925இல் மேனாட்டில் மைக் வழியான மின்பதிவு புழக்கத்திற்கு வந்தது. சில ஆண்டுகளில் அது இந்தியாவிலும் பரவியது. கான் சாஹிபின் முதற்பதிவுகள் கூம்பில் பாடியவை. பிற்பதிவுகள் மைக்கில் பாடியவை. ஒரே மனிதரின் குரலை இவ்விரு முறைகளிலும் நாம் ஒப்பிட்டுக் கேட்கலாம் என்பது அவருடைய தட்டுகளின் தனிச்சிறப்பாகும்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைலால் ஆன, நிமிடத்திற்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்குமான சுழற்சியில் சுழலும் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. அது முதல் அரக்குத் தட்டின் காலம் முடிவை நோக்கி நகர்ந்தது. எனினும் நம் நாட்டில் 1960களிலும் அரக்குத் தட்டுகள் வெளிவந்துகொண்டிருந்தன.

அழிவின் வழிகள்

அரக்குத் தட்டு கல்லைப் போல் கடினமானது. ஆயினும் கண்ணாடியைப் போல் உடையக்கூடியது. கைதவறி விழுந்தால் அதன் கதை முடிந்தது. அதனை ஒலிக்கச் செய்த எஃகு ஊசியோ ஒவ்வொரு முறையும் வரியைச் சிறிது தேய்த்தது. தட்டிலுள்ள கற்பொடி ஊசியை அரைத்து வரிக்கேற்ற வடிவமாக்கும் என்பது ஏற்பாடு. ஆகையால் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஊசியை மாற்ற வேண்டும். சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்திய வீடுகளில் தட்டுகள் விரைவில் கெட்டன. இதனுடன் நம் நாட்டின் ஈரக்காற்றும் பூஞ்சணமும் வெப்பமும் சேர்ந்துகொண்டன. ஆக, எந்தத் தட்டு மிகவும் நேசிக்கப்பட்டதோ அந்தத் தட்டே மிகவும் தேய்ந்தது. இன்று நல்ல நிலையில் கிடைப்பவை பெரும்பாலும் எவரும் விரும்பிக் கேட்காத தட்டுகளே என்பது சேகரிப்பாளர்கள் வருத்தத்துடன் கூறும் உண்மையாகும்.

‘தட்டு தேய்ந்தால் என்ன, கம்பெனியிடம் மூலம் இருக்குமே’ என்று சிலர் கருதலாம். அந்நம்பிக்கை வீணானது. விற்பனை நின்றுபோன தட்டுகளின் உலோக அச்சுகளை உருக்கி மீண்டும் பயன்படுத்துவது அத்தொழிலில் வழக்கமாகவே இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1942இல் அமெரிக்க அரசு தட்டுத் தொழிலுக்கான அரக்கைப் பெரிதும் குறைத்துவிட்டது. பழைய தட்டுகளைத் திரும்பப் பெற்று அரைத்துப் புதுத்தட்டு செய்தனர். ஒரு பாடகரின் குரலை அரைத்து அதன் மீது இன்னொரு பாடகரின் குரலை அச்சிட்டனர் என்று சொன்னாலும் பொருந்தும். அண்மைக் காலத்திலும், 2008இல் அமெரிக்காவின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் நேர்ந்த தீயில் ஒலிநாடா மூலங்கள் பல எரிந்துபோயின. அதன் அளவு என்ன என்ற வினா பதினோரு ஆண்டுகள் கழித்தே பொதுமக்களிடையே எழுந்தது.

கம்பெனிகள் காக்காததை வீடுகள் காத்தன. எவருடைய பரணிலோ, எந்தப் பழைய பொருள் வணிகரின் கடை மூலையிலோ, எந்த மூதாட்டியின் மரப்பெட்டியிலோ கிடந்த தட்டுகளே இன்று மூலங்களாக விளங்குகின்றன. மும்பையில் 1990ஆம் ஆண்டு இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் அமைக்கப்பட்டு, அதன் உறுப்பினர்கள் தம்மிடமுள்ளவற்றைப் பட்டியலிட்டும் கட்டுரைகள் எழுதியும் வரலாயினர். ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் கிராமபோன் கம்பெனியின் தொடக்ககால இந்தியப் பதிவுகளைப் பட்டியலிட்டு நூலாக்கினார். கான் சாஹிப் அப்துல் கரீம் கானின் வாழ்க்கையையும் தட்டுகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். நம் நாட்டவரின் குரலுக்கு ஒரு வெளிநாட்டவர் பட்டியல் தயாரிக்க நேர்ந்தது என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

துலக்கும் முறை

இனி, தேய்ந்து மங்கிய தட்டிலிருந்து குரலை மீட்பது எவ்வாறு என்பதைக் காண்போம்.

முதலாவது, தூய்மை செய்தல். அரக்கு சாராயத்தில் கரையும் தன்மையுடையது. எனவே வினைல் தட்டைத் துடைக்கும் சாராயம் கலந்த திரவத்தால் அரக்குத் தட்டைத் துடைத்தால் வரிகளே கரைந்து போகும். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்பு ஓரிரு துளி கலந்து, மெல்லிய தூரிகையால் வரியின் போக்கிலேயே துடைத்து, காகித முகப்பை நனைக்காமல் உலர்த்துவதே முறையாகும்.

இரண்டாவது, ஊசி. வினைல் தட்டின் வரி மிக நுண்ணியது. அரக்குத் தட்டின் வரியோ அதனைப்போல் மூன்று நான்கு மடங்கு அகலமானது. வினைலுக்குரிய ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் அது வரியின் அடியில் கிடக்கும் அழுக்கில் புரளுமேயன்றிச் சுவரைத் தொடாது. சரியான அளவுள்ள ஊசியைத் தேர்ந்தால், பழைய எஃகு ஊசி தேய்க்காத உயரத்தில் அது படிந்து, கெட்டுப்போனதென்று கைவிடப்பட்ட தட்டிலிருந்தும் தெளிந்த குரலைத் தரும்.

மூன்றாவது, வேகம். ‘78 சுழற்சித் தட்டு’ என்று பெயரிருப்பினும் தொடக்ககாலத் தட்டுகள் யாவும் 78இல் பதியப்பட்டவை அல்ல. 70 முதல் 80க்கு மேலும் பல வேகங்களில் அவை பதியப்பட்டன. 74இல் பதிந்த தட்டை 78இல் சுழற்றினால் குரல் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்துவிடும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்பது நொடி முன்னதாகவே முடிந்துவிடும். நிதானமாகப் பாடியவர் விரைந்து பாடியவராகத் தோன்றுவார். வேகத்தில் நேரும் பிழை எத்துணைப் பெரியது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். பிரான்சு நாட்டின் ஸ்காட் என்பவர் 1860இல் புகைக்கரி பூசிய தாளில் கீறி வைத்த ஒலிவரியை 2008இல் அறிஞர்கள் கணினி வழியாக ஒலிக்கச் செய்தனர். ஒரு பெண்ணின் பாட்டு என்று உலகமே வியந்தது. மறு ஆண்டில் வேகம் இருமடங்காகிவிட்டது என்பது தெரியவந்தது. உரிய வேகத்தில் கேட்டபோது அது ஆணின் குரல், பெரும்பாலும் ஸ்காட்டின் குரலே, என்று அறியப்பட்டது. ஆகவேதான் துலக்குவோர் ஒரே நாளில் பதியப்பட்ட பிற தட்டுகளையும், பக்கவாத்தியங்களின் சுருதியையும், தட்டின் நடுப்பகுதியில் பொறித்துள்ள பதிவெண்ணையும் ஒப்பிட்டு வேகத்தை முடிவு செய்கின்றனர்.

நான்காவது, நடுத்துளை. ஆலையில் தட்டின் துளை சற்று விலகி அமைந்துவிடுவது உண்டு. துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், மையத்திலிருந்து ஐம்பது மில்லிமீட்டர் தொலைவிலுள்ள உள்வரிகளில் ஒலி நூற்றுக்கு இரண்டு பங்கு ஏறியும் இறங்கியும் ஊசலாடும். இருபத்திரண்டு சுருதிக் கணக்கில் மிகச்சிறிய இடைவெளி நூற்றுக்கு ஒன்றேகால் பங்குதான். ஆக, துளை ஒரு மில்லிமீட்டர் பிசகினால் சுருதியின் நுட்பமே அழிந்துவிடுகிறது. அப்துல் கரீம் கானோ சுருதி நுட்பத்திற்காகவே போற்றப்பட்டவர். இருபத்திரண்டு சுருதிகளை ஆராய்ந்த தேவல், கிளெமென்ட்ஸ் ஆகியோருக்குத் தம் குரலால் அவற்றை மெய்ப்பித்துக் காட்டியவர். அத்தகையவரின் பாட்டைக் கோணல் துளையுடன் ஒலிக்கவிட்டு, ‘சுருதி அசைகிறதே’ என்று அவர் மீது குறை காண்பது எத்துணை அநீதி! பழுது தட்டினுடையது, பழியோ பாடியவர்மேல் விழும்.

மூலமும் ஓரக்குறிப்பும்

இறுதியாக இரைச்சல் நீக்கம். இங்கேதான் துலக்குவோரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. கீறலால் எழும் ‘டக் டக்’ ஒலியைக் கணினியால் தனித்தனியே நீக்கலாம். அதனால் பெரும் தீங்கில்லை. ஆனால் தொடர்ந்து வரும் சீறலொலியோ குரலுடன் கலந்திருக்கிறது. அதனை முற்றிலும் அகற்ற முயன்றால் பாடகரின் மூச்சொலியும், தம்பூராவின் ரீங்காரமும், ‘ஸ’கரத்தின் கூர்மையும் உடன் போய்விடும். எஞ்சுவது போர்வைக்குள்ளிருந்து பாடியது போன்ற உயிரற்ற ஓசையே. கேட்பதற்கு இதமாக இருக்கிறதென்று பலர் இதனை விரும்புகின்றனர். இதனினும் மேலாக, இல்லாத எதிரொலியைச் சேர்ப்போரும், பாட்டின் முடிவில் வரும் பெயரறிவிப்பைத் தேவையற்றதென வெட்டி எறிவோரும் உளர். கௌஹர் ஜானின் அந்த ஒற்றை வாக்கியத்தை வெட்டியவர் ஒரு வரலாற்றையே வெட்டியவராவார்.

கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுத்த நம் முன்னோர் இதற்கு அழகிய நெறியொன்றை வகுத்திருந்தனர். படியெடுத்த பின் மூலத்துடன் ஒப்பிட்டுப் படிப்பர். மூலத்தில் ஒரு சொல் பிழையெனத் தோன்றினாலும் அதனை மத்னில் திருத்த மாட்டார்கள். ஹாஷியாவில், அதாவது ஓரத்தில், தம் கருத்தைக் குறித்து வைப்பர். பின்வருவோர் இரண்டையும் கண்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அதன் உட்பொருள். ஒலிக்காப்பு நிலையங்கள் இன்று மேற்கொள்ளும் நெறியும் இதுவே. தட்டிலிருந்து எடுத்த ஒலியை எவ்வித மாற்றமுமின்றி, கீறலோடும் இரைச்சலோடும், உயர்ந்த தரத்தில் முதற்படியாகச் சேமிக்கின்றனர். துலக்குதல் அனைத்தும் அதன் மறுபடியில்தான் நடைபெறுகிறது. எந்த ஊசி, எந்த வேகம், எதனை நீக்கினோம் என்பதையும் எழுதி வைக்கின்றனர். நாளை இதனினும் சிறந்த முறை தோன்றினால் மூலம் கைவசம் இருக்கும்.

அத்தகைய சிறந்த முறைகள் தோன்றியும் வருகின்றன. அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹேபர் முதலிய இயற்பியலறிஞர்கள், ஊசியே படாமல் வரிகளை ஒளியால் படம்பிடித்துக் கணினி வழியாக ஒலியாக்கும் முறையை வளர்த்தனர். உடைந்த தட்டின் துண்டுகளிலிருந்தும் குரலை மீட்கும் வாய்ப்பு அதனால் ஏற்பட்டுள்ளது. ஆகவே உடைந்த தட்டையும் எறிதல் கூடாது.

பகிர்வும் உரிமையும்

மீட்டெடுத்த குரலைப் பூட்டி வைப்பதா, பகிர்வதா என்பது அடுத்த வினாவாகும். அரிய தட்டைத் தம்மிடம் மட்டுமே வைத்திருப்பதில் பெருமை கொள்ளும் சேகரிப்பாளர்கள் உண்டு. ஆனால் இத்தட்டுகள் ஏன் பிழைத்தன? ஒரே இடத்தில் இருந்ததனால் அன்று. பல ஊர்களில், பல வீடுகளில் இருந்ததனால் பிழைத்தன. ஒரு வீட்டில் உடைந்தது இன்னொரு வீட்டில் எஞ்சியது. பகிர்தல் என்பது கொடை மட்டுமன்று, காப்புமாகும்.

அதேவேளை பிறருடைய உரிமையைப் பறித்துப் பகிர்வது நமக்கு ஆகுமானதன்று. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் மீதான உரிமை, அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் வரையுண்டு. எனவே கான் சாஹிபின் தட்டுகள் இங்கு எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. ஆயினும் பாட்டை இயற்றியவரின் உரிமை தனியானது. அது அவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும் என்பதை மறத்தலாகாது. நாட்டுக்கு நாடு சட்டமும் வேறுபடுகிறது. ஐரோப்பாவில் 2011இல் 50 ஆண்டு 70 ஆக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1923க்கு முந்திய பதிவுகள் 2022 ஜனவரி முதல் நாளில்தான் பொதுவாயின. அரக்குத் தட்டுகளை இலட்சக்கணக்கில் கணினியில் ஏற்றும் ‘கிரேட் 78’ திட்டத்தின் மீது பெரிய இசை நிறுவனங்கள் 2023இல் வழக்குத் தொடுத்ததும், 2025இல் அது இணக்கமாக முடிந்ததும் இச்சிக்கலின் விளைவேயாகும். காக்கும் கையும் உரிமையுள்ள கையும் மோதாமல் ஒன்று சேர வழி காண்பது அறிவுடையோர் கடமை. நம் நாட்டிலும் 1982இல் தொடங்கப்பெற்று இப்போது குருகிராமில் இயங்கிவரும் இனவியல் இசை ஆவணக் காப்பகம், பதிவுகளைப் பாதுகாப்பதோடு பாடியவரின் உரிமையையும் மதிக்கும் நெறியை வலியுறுத்தி வருகிறது.

நம் வீட்டுப் பரணிலும்

பெருமக்களே! இவையெல்லாம் கைரானாவுக்கும் கல்கத்தாவுக்கும் உரிய செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதி வைத்த ஏடுகள் பல கறையானுக்கு இரையானதை நாம் அறிவோம். அச்சேட்டுக்கு நேர்ந்தது ஒலிக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் கணீரென்ற குரல் கிராமபோன் தட்டுகளிலும் பின்னர் ஒலிநாடாக்களிலும் நம் இல்லங்கள்தோறும் ஒலித்தது. நம் மூத்த ஆலிம்களின் மீலாது மேடைப் பேச்சுகளும், ஊர்ப் பெரியவர்கள் பாடிய பைத்துகளும், திருமண மேடை வாழ்த்துகளும் கேசட்டுகளில் பதியப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றிற்கு வேறு படியே கிடையாது. கான் சாஹிபின் தட்டாவது நூற்றுக்கணக்கில் அச்சானது. நம் பெரியவர்களின் கேசட்டோ ஒன்றேயொன்று. தட்டைவிட நாடா விரைவில் கெடும். நாடாவை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் அருகி வருகின்றன.

ஆகவே நாம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். வீட்டை வெள்ளையடிக்கும்போதும் பழைய பொருள்களை விற்கும்போதும் தட்டுகளையும் கேசட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்த கேசட்டைச் சோதித்துப் பார்க்கிறோமென்று கருவியில் இட்டு ஓட்டாதீர்கள், நாடா அறுந்துபோகக்கூடும். பேசியவர் யார், ஊர் எது, ஆண்டு எது என்பதை அறிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு, உறையின் மீது எழுதி வையுங்கள். பெயர் தெரியாத குரல் பாதி இழந்த குரலேயாகும். கௌஹர் ஜான் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரைச் சொல்லி வைத்ததன் அருமை இப்போது நமக்கு விளங்கும்.

கணினி அறிவு மிக்க இளைஞர்கள் நம் ஜமாஅத்தில் பலர் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் முன்வந்து, வீடுவீடாக உள்ளவற்றைப் பட்டியலிட்டு, உரியவர்களின் அனுமதியுடன் கணினியில் ஏற்றி, மூலத்தை மாற்றாமல் ஒரு படியும் துலக்கிய மறுபடியுமாகச் சேமித்து, ஒன்றை ஜமாஅத் அலுவலகத்திலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் வைப்பார்களாயின், அது வருங்காலத் தலைமுறைக்குச் செய்யும் பெருந்தொண்டாகும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஆவதில்லை; பொறுமையும் அமானிதத்தைப் பேணும் உணர்வும் இருந்தால் போதும். தட்டும் நாடாவும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களே. அவற்றைப் பெற்ற வண்ணமே அடுத்தவர் கையில் சேர்ப்பதற்கு வல்ல இறைவன் நமக்குத் துணைபுரிவானாக.